நன்னி அளந்த நெல்



திருவையாறு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆண்டுதோறும் காவிரிக் கரையில் பந்தலிட்டு நடத்தப்பெறும் தியாகராசர் இசை விழாதான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற அந்த ஊரைச் சுற்றியுள்ள வயல்வெளிகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. முகம்மது பந்தரில் தொடங்கி, கிழக்கே அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, இராஜகிரி, பாபநாசம் என்று நீளும் ஊர்களில், நஞ்சையும் கொடிக்காலும் வைத்துப் பிழைத்த முஸ்லிம் குடும்பங்களின் வரலாறு அது. அந்த வீடுகளைத் தாங்கி நின்ற நன்னிமார்களைப் பற்றியே இங்கே பேச விழைகிறேன். நன்னி என்றும், பெத்தா என்றும், உம்மம்மா என்றும் ஊருக்கு ஊர் அழைப்பு மாறும். ஆள் ஒருவரே!

அவர்கள் கலப்பை பிடித்தவர்கள் அல்லர். ஏரோட்டுவதும் வரப்பு வெட்டுவதும் ஆண்களின் வேலை. நாற்று நடுவதும் களை பறிப்பதும் கூலிக்கு வந்த ஏழைப் பெண்களின் வேலை. ஆனால் நெல் விதையாக இருந்த நாள் தொட்டுச் சோறாகித் தட்டில் விழும் நாள் வரை, அதனைக் காத்து, காய்த்து, அவித்து, குத்தி, அளந்து, பங்கிட்டவர்கள் யார்? இல்லத்தரசி என்ற ஒரு சொல்லுக்குள் அந்த வேலைகள் அனைத்தையும் அடக்கிவிட்டோம். உழவர் என்று அவர்களை எவரும் அழைத்ததில்லை.

விதை நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடையில் நன்கு முற்றிய கதிர்களைத் தனியே அடிக்கச் சொல்லி, அந்த நெல்லைப் பல நாள் வெயிலில் உலர்த்தி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘டக்’ என்று முறிந்தால்தான் ஈரம் போயிற்று என்று பொருள். பிறகு வைக்கோற்புரியால் கோட்டை கட்டி, மேலே சாணம் மெழுகி, வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூலையில் அடுக்குவார்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் விளைச்சல் உண்டா இல்லையா என்பது அந்த மூலையில்தான் இருந்தது. வீட்டுத் தலைவரே கேட்டாலும் விதை நெல்லை விற்பதற்கு நன்னியிடமிருந்து சாவி கிடைக்காது.

புழுங்கல் அவிப்பது இன்னும் கடினமான வேலை. முதல் நாள் அந்தியில் அண்டாவில் நெல்லை ஊறப்போட்டு, பின்னிரவில் எழுந்து அவித்து, சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு முற்றத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கோழியையும் காக்கையையும் விரட்ட வேண்டும், கூடவே பேரப்பிள்ளைகளையும்! நெல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். காயாமல் போனால் மக்கும். இதற்கு ஏட்டுப் படிப்பு எதுவும் இல்லை. உள்ளங்காலே அளவுகோல்.

கொடிக்கால் வைத்திருந்த வீடுகளில் வெற்றிலை வேலையும் சேர்ந்துகொள்ளும். அகத்தியில் கொடி ஏற்றுவதும் தண்ணீர் தெளிப்பதும் தோட்டத்து ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கிள்ளிய இலை வீட்டுக்கு வந்ததும் கொழுந்து, முதிர்ந்தது என்று பிரித்து, நூறு இலை ஒரு கவுளியாக அடுக்குவது பெண்களின் விரல் வேலை. 2025-ஆம் ஆண்டில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் இந்த விரல்களுக்கும் பங்குண்டு.

எங்கள் நன்னியைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். குடமுருட்டிக் கரையில் ஒரு வேலி நான்கு மா நஞ்சையைக் கட்டி ஆண்டவர் அவர். நன்னாவோ மலாயாவில் கடை வைத்திருந்த சபுராளி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அதன்பின் போர் ஓயும்வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, அக்கரையிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. ஒரு காசும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத கணவருக்காக துஆ செய்துகொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக அந்த நிலத்தை ஒரு போகமும் தரிசாகப் போடாமல் காத்தார். திரைக்குள் இருந்துகொண்டே! வாசல் திண்ணையில் ஆட்கள் நிற்பார்கள். உள்ளிருந்து நன்னியின் குரல் வரும். எந்தத் தாக்கில் தண்ணீர் கட்டுவது, எதில் வடிப்பது என்பதெல்லாம் அந்தக் குரலில்தான். 1952 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய பெரும்புயலில் மாட்டுக்கொட்டகை கூரையோடு போனபோதும், மறுநாள் காலையில் அவர் முதலில் பார்த்தது விதைக்கோட்டையைத்தான் என்று அம்மா சொல்வார்.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை நன்னி ‘ஒன்று’ என்று எண்ணியதில்லை, ‘பரக்கத்து’ என்பார். பத்தாவது மரக்கால் குதிருக்குள் போகாது. அது சுவரோரம் தனியாக ஒரு பானையில் விழும். ஆற்றுப் பாய்ச்சலில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒன்று என்னும் உஷ்ரின் சட்டத்தை அவர் எந்தக் கிதாபிலும் ஓதிக் கேட்டதில்லை. தம் தாயிடமிருந்து அறிந்துகொண்டார். அந்தப் பானை நெல் தெருவிலிருந்த விதவைகளுக்கும் ஓதும் பிள்ளைகளுக்கும் போகும். நடவுக்கு வந்த பெண்களுக்குப் பேறுகாலம் என்றால் அவர்களுக்குத் தம் சொந்தப் பங்கிலிருந்து அளப்பார். இரண்டையும் அவர் ஒருபோதும் கலந்ததில்லை.

இந்த வரவு செலவையெல்லாம் அவர் எழுதியே வைத்திருந்தார். எந்த எழுத்தில் தெரியுமா? அரபுத்தமிழில்! நாவில் தமிழும் விரலில் அரபு எழுத்துமாக நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த அந்த எழுத்தைப் பள்ளிக்கூடத்துக் கணக்கில் எவரும் எழுத்தறிவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, நாள்தோறும் கணக்கு எழுதிய அந்தக் கை, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெருவிரல் ரேகை வைத்தது. எதற்காக வைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நன்னியின் நினைவு எழும்போதெல்லாம் எனக்கு மதீனாவின் உழவர் இல்லம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அது அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் இல்லம். ஹிஜ்ரத்தின்போது குகைக்கு உணவு கட்டி அனுப்பியவர் என்று அவரை நாம் அறிவோம். அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கையை அத்தனை பேர் அறிவதில்லை. ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது அந்த வீட்டில் இருந்தவை தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் ஒரு குதிரையும்தான். குதிரைக்குத் தீனி வைத்தது, தண்ணீர் சுமந்தது, தோல்வாளி கிழிந்தால் தைத்தது, மாவு பிசைந்தது எல்லாம் தாமே என்று அவரே சொல்லியிருக்கிறார். ரொட்டி மட்டும் அவருக்குச் சரியாகச் சுட வராதாம்! அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்களாம். அவர்கள் உண்மையான பெண்கள் என்று நன்றியோடு சொல்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு வழங்கிய நிலம், வீட்டிலிருந்து ஒரு ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மைல். அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார். ஒருநாள் அவ்வாறு வருகையில், தோழர்கள் சிலருடன் வந்துகொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், தம் ஒட்டகத்தின் பின்னே ஏற்றிக்கொள்ள விரும்பி அவரை அழைத்தார்கள். ஆண்களோடு செல்ல அவருக்கு நாணம்; கணவரின் ரோஷமும் நினைவுக்கு வந்தது. அதனை உணர்ந்த அண்ணலார் கடந்து சென்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவர் இதனைக் கூறியபோது ஸுபைர் (ரலி) சொன்ன மறுமொழி கவனிக்கத்தக்கது. நபியவர்களுடன் ஏறி வருவதைவிட, அவர் கொட்டைகளைச் சுமந்து வந்ததே தமக்குக் கடினமாக இருக்கிறது என்றார். மனைவியின் சுமை கணவரின் நெஞ்சில் உறுத்தியது. பின்னர் அபூபக்ர் (ரலி) ஒரு பணியாளரை அனுப்பி, குதிரையின் பராமரிப்பு அவரை விட்டு நீங்கியபோது, தமக்கே விடுதலை கிடைத்தது போலிருந்தது என்று மகிழ்ந்திருக்கிறார் அஸ்மா.

இது எவ்வாறு நம் கைக்கு வந்தது என்பதையும் பாருங்கள். அஸ்மா (ரலி) தம் மகன் உர்வாவிடம் சொன்னார். உர்வா தம் மகன் ஹிஷாமிடம் சொன்னார். அந்த வழியாகவே இமாம் புகாரீயின் தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. அதாவது, கொட்டை சுமந்த ஒரு பெண்ணின் அன்றாட உழைப்பு, மகனும் பேரனும் அதனைச் சொல்லத்தக்க செய்தி என்று கருதியதால் பதிவாயிற்று. நம் நன்னிமார்களின் செய்தியை நாம் யாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்? அவர்கள் மௌத்தான பின் யாசீன் ஓதுகிறோம், ஏழைகளுக்கு உணவளிக்கிறோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் அவர் எந்தெந்த நெல்லை விதைத்தார், எந்த ஆண்டுப் பஞ்சத்தில் எதை விற்று யாரைப் படிக்க வைத்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

காலம் மாறியது. 1960-களில் தஞ்சை மாவட்டத்துக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஊரில் சொல்வார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால ரகங்களும் யூரியா மூட்டைகளும் வந்தன. விளைச்சல் பெருகியது, அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். அரவை ஆலைகள் வந்து உலக்கையை மூலையில் சாத்தின. அஸ்மாவுக்குக் கிடைத்த பணியாளரைப் போல அது பெண்களுக்கு ஒரு விடுதலைதான். ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. விதை கடையிலிருந்து வந்தது. அதைப் பற்றிய கூட்டத்துக்கு ஆண்கள் போனார்கள். கடன் ஆண்கள் பெயரில் வந்தது. கோட்டை கட்டும் மூலை வெறுமையானபோது, வயலைப் பற்றி நன்னியிடம் கருத்துக் கேட்கும் வழக்கமும் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. சுமை குறைந்ததோடு சொல்லும் குறைந்தது!

இனி, அந்தப் பெருவிரல் ரேகைக்கு வருவோம்.

நன்னியின் தகப்பனார் இறந்தபோது அவருக்கும் நிலம் இருந்தது. மகன்கள் இருந்தார்கள், மகள்களும் இருந்தார்கள். உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்றே, நாளை ஒரு கஷ்டம் என்றால் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டாமா என்றார்கள். நன்னி விடுதலைப் பத்திரத்தில் ரேகை வைத்தார். இதில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய புதுமை எதுவும் இல்லை. இதைப் படிக்கும் எத்தனையோ சகோதரிகள் தம் தாயாரின் கதையாக இதனை உணர்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

திருமறையின் நான்காம் அத்தியாயம் என்ன கூறுகிறது? பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு. அது குறைவாயினும் அதிகமாயினும் விதிக்கப்பட்ட பங்கு என்பதே அதன் கருத்து. உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், பெண்களுக்கு ஒன்றும் இல்லை என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியதும் அண்ணலார் அந்தச் சிறிய தகப்பனாரை அழைத்து, மூன்றில் இரண்டு பங்கைப் பெண்மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தார்கள். ஒரு கைம்பெண் வாய் திறந்து கேட்டதற்காக எவரும் அவரைப் பழிக்கவில்லை.

நாட்டுச் சட்டத்தின் நிலையையும் பலர் அறியாதிருக்கிறார்கள். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையை ஷரீஅத்தின்படி ஆக்கியது. ஆயினும் விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்கி வைத்தது. உழவர் வீட்டுப் பெண்களுக்கு எது முக்கியமோ அது வெளியே நின்றது! சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டில் கொண்டுவந்த திருத்தச் சட்டமே அந்த விலக்கை நீக்கியது. ஆகவே வயலுக்குப் பெண் பங்கில்லை என்று தமிழகத்தில் இன்று எவரேனும் சொன்னால், அதற்கு மார்க்கத்திலும் ஆதாரம் இல்லை; சட்டத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் இந்து சகோதரிகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையை வழங்கிய சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது. நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே வழி திறக்கப்பட்ட நம் வீடுகளில், அந்த வழியை விடுதலைப் பத்திரத்தால் அடைத்து வைத்திருப்பது வேதனைக்குரியது.

பெண்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை. ஆனால் எதை, எப்போது விட்டுக்கொடுப்பது? மீண்டும் அஸ்மா (ரலி) அவர்களிடமே செல்வோம். அவர் தம் முதுமையில், தங்கை ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து மதீனாவின் ‘காபா’ என்னும் பகுதியில் நிலம் ஒன்றை வாரிசாகப் பெற்றார். அதற்கு முஆவியா (ரலி) ஓர் இலட்சம் தர முன்வந்திருந்தார்கள். அஸ்மா அதனை விற்கவில்லை. தம் சகோதரர்களின் வழித்தோன்றல்களான காஸிம், இப்னு அபீ அதீக் இருவருக்கும் அன்பளிப்பாக வழங்கினார். முதலில் பங்கு அவர் கைக்கு வந்தது. அதன் விலை அவருக்குத் தெரிந்தது. பின்னர் தாமாக விரும்பிக் கொடுத்தார். நம் வீடுகளிலோ, பங்கு எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே ரேகை வாங்கிவிடுகிறோம்! நாணத்தாலும் பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடும் என்ற அச்சத்தாலும் வைக்கப்படும் ரேகையை மனநிறைவான அன்பளிப்பு என்று எவ்வாறு கொள்வது? மணமுடித்தபோது போட்ட நகை, தந்தை உயிரோடிருந்தபோது தந்த அன்பளிப்பு. அது பாகத்தில் கழிக்கத்தக்க கடன் அன்று.

கணக்கு ஒன்றும் கடினம் இல்லை. ஒரு வேலி நான்கு மா என்றால் 24 மா, அதாவது சுமார் எட்டு ஏக்கர். இறந்தவருக்கு மனைவியும், இரண்டு மகன்களும், மூன்று மகள்களும் இருக்கிறார்கள். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின், மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 மா. மீதி 21 மாவை ஏழு கூறாக்கினால் மகனுக்கு இரண்டு கூறு, மகளுக்கு ஒரு கூறு. மகன்களுக்கு ஆளுக்கு 6 மா. மகள்களுக்கு ஆளுக்கு 3 மா. மஹர் கொடுபடாமல் நின்றிருந்தால் அது இறந்தவரின் கடன். பங்கு பிரிப்பதற்கு முன்பே அதனைத் தீர்க்க வேண்டும். எங்கள் நன்னா இறந்தபோது நன்னியின் 3 மாவை எவரும் அளந்து காட்டவில்லை. மூன்றரை ஆண்டுக் காலம் தனியொருவராய்க் காத்த நிலத்தில்!

பங்கு பிரிப்பதோடு வேலை முடிந்துவிடாது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவு அளந்து, பட்டா மாறுதல் வரை சென்றால்தான் பயிர்க்கடனும், வெள்ள நிவாரணமும், 2019-இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உழவர் உதவித்தொகையும் அந்தப் பெண்ணின் பெயருக்கு வரும். இந்த நிலையில்தான் இன்னொரு முடிச்சு விழுகிறது. நம் முதிய பெண்களின் பெயர் ஒரு தாளில் பீவி என்றும், மற்றொன்றில் பேகம் என்றும், வேறொன்றில் அம்மாள் என்றும் இருக்கும். பழைய பத்திரங்கள் சிலவற்றில் பெயரே இராது; இன்னார் மனைவி என்று மட்டும் இருக்கும். உங்கள் வீட்டில் நன்னி உயிரோடு இருந்தால், அவருடைய நிக்காஹ் பதிவேடு, குடும்ப அட்டை, ஆதார், பட்டா ஆகிய அனைத்தையும் ஒருசேர எடுத்து, எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையேல், எந்தப் பெயரால் தம்மை அழைக்க வேண்டும் என்று அவரையே கேட்டு, அந்தப் பெயருக்கு மற்றவற்றைத் திருத்துங்கள்.